பதினேழாம் எண்ணுக்கு யாரும் குரல் கொடுக்காதீர்கள்

ஆயிரம் கோப்புகளை அப்படியே போட்டுவிட்டு எங்களுக்காக வந்து தலைமை நாற்காலியை அலங்கரிக்கும் சுகாதார அலுவலர் அம்மா அவர்களே, நடக்க மறந்த கால்களுக்கு நடை பழக்கி, நிமிர மறந்த முதுகுகளை நிமிர்த்திவிட்ட எங்கள் பயிற்சியாளர் அவர்களே, மூட்டு வலியை முகத்தில் காட்டாமல் முன்வரிசையில் முறைத்துக்கொண்டிருக்கும் மூத்தோர்களே, பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுத் தங்கள் மாத்திரையை மறந்துபோகும் தாய்மார்களே, எங்களைக் காலை ஆறு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளப்பிவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்கும் மகன்களே, மருமகள்களே, முப்பது எண்களாக என்னோடு நின்று மூச்சு வாங்கிய என் தோழர்களே, தோழியரே, உங்கள் ஒவ்வொருவருக்கும் உள்ளம் நிறைந்த வணக்கம்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பேருந்தில் நடத்துநராக நின்றவன் நான். இந்த ஊரில் என் பெயர் எவருக்கும் தெரியாது. கண்டக்டர் என்றால் குழந்தைக்கும் தெரியும். நின்று பேசுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் என் பேச்சைக் கேட்க நீங்கள் உட்கார்ந்திருப்பதுதான் புதிது. பேருந்தில் நான் பேசினால் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். இன்றைக்கு நான் பேசப்போவதைக் கேட்டுவிட்டு நீங்களும் அப்படித்தான் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

மேசைமேல் இருப்பதைப் பார்த்தீர்களா? சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம். "பதினோரு மாதங்கள், ஒரு நாள் விடாமல், குழு முழுமைக்கும் முழு வருகை." மாவட்டத்திலேயே இப்படி ஒரு குழு இல்லையாம். பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது, கொஞ்சம் சின்னது. காலமான பதினேழாம் எண் உறுப்பினருக்கு, இறுதி நாள் வரை முழு வருகை தந்ததற்காக. அதை வாங்கிக்கொள்ள அவருடைய மகள் வெளியூரிலிருந்து வந்து, இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து வேண்டாம். இன்னும் கால் மணி நேரத்தில், ஏன் தட்டினோம் என்று வருத்தப்படுவீர்கள்.

இந்தக் கூடம் உங்களுக்குத் தெரியும். நோய் நம் தெருக்களைத் துடைத்து எடுத்த அந்த நாட்களில் இங்கே முப்பது கட்டில்கள் போட்டார்கள். எந்தக் கட்டில் எங்கே என்று குழம்பாமலிருக்கத் தரையில் மஞ்சள் வண்ணத்தில் எண் எழுதினார்கள். கட்டில்கள் போய்விட்டன. எண்கள் போகவில்லை. எத்தனை முறை கழுவினாலும் போகவில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குக் கீழே குனிந்து பாருங்கள், இருக்கும்.

பதினெட்டாம் கட்டிலில் நான் கிடந்தேன். பதினேழில் ஒரு அம்மா. அவருடைய கணவர் பூட்டு, சாவி செய்கிறவர். கடைத்தெருவின் கடைசியில், மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய கடை. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்காதவர் நம்மில் யார்? அவர் வந்து திறந்துவிடாத கதவு எது? ஆனால் இந்தக் கூடத்தின் கதவை மட்டும் அவருக்குத் திறக்கவில்லை. நோயாளியைப் பார்க்க அனுமதி இல்லை. அந்த ஜன்னலுக்கு வெளியே, வெயிலில், ஒன்பது நாள் நின்றார்.

தினமும் விடியற்காலை நர்ஸ் வந்து வாசலில் நின்றபடியே எண்ணைக் கூப்பிடுவார். ஒன்று, இரண்டு, மூன்று. முடிந்தவர் குரல் கொடுப்பார். முடியாதவர் கையைத் தூக்குவார். இரண்டும் இல்லையென்றால்? பத்தாம் நாள் காலை "பதினேழு" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். பதில் இல்லை. அந்த இடைவெளியை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். அப்புறம் "பதினெட்டு" என்றார். நான் கையைத் தூக்கினேன். தூக்கியதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

பிழைத்து வந்தோம். பிழைத்தோம் என்று பெயர். ஓடும் பேருந்தில் தொத்திக்கொண்டு திரிந்த நான், வீட்டு வாசற்படி நான்கையும் ஏற நாலு தரம் உட்கார்ந்தேன். தையல்காரம்மா ஒருவர், கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல், வந்த துணிகளையெல்லாம் தைக்காமலே திருப்பிக் கொடுத்தார். நாற்பத்தைந்து வயதுக்காரர் எண்பது வயதுக்காரர்போல் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். அப்போதுதான் அம்மா, உங்கள் அலுவலகம் எங்களுக்கு ஒரு பயிற்சியாளரை அனுப்பியது. வாழ்க நீங்கள். இதை மனதாரச் சொல்கிறேன். அடுத்துச் சொல்லப்போவதை வைத்து இதைச் சந்தேகப்படாதீர்கள்.

எங்கள் பயிற்சியாளர் என் கடைசி மகள் வயசு. ஆனால் அதட்டல் இருக்கிறதே, என் ஓட்டுநரையே மிஞ்சிவிடும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்திரு என்பார். எழுந்தால் உட்கார் என்பார். உட்கார்ந்தால் ஏன் பொத்தென்று உட்கார்ந்தாய் என்பார். சுவரைத் தள்ளச் சொல்வார். பதினோரு மாதம் தள்ளினோம்; சுவர் அப்படியே இருக்கிறது, நாங்கள்தான் கொஞ்சம் பலப்பட்டோம்.

எல்லாவற்றுக்கும் முதலில் மூச்சுப் பயிற்சி. அவரவர் ஒரு எண்ணின்மேல் நின்று, கண்ணை மூடி, மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து, விடும்போது தன் எண்ணைக் கூடம் அதிரச் சொல்ல வேண்டும். ஒன்றில் தொடங்கி முப்பது வரை. அதைக் காதால் கேட்டபடியே பயிற்சியாளர் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். நுரையீரலுக்கும் ஆயிற்று, வருகைப் பதிவுக்கும் ஆயிற்று. நல்ல ஏற்பாடு. நானே பாராட்டியிருக்கிறேன்.

முதல் நாள் பூட்டுக்காரர் நேராக வந்து பதினேழின்மேல் நின்றார். அவர் மனைவி கிடந்த இடம். நான் பழைய ஞாபகத்தில் பதினெட்டில் நின்றேன். ஜன்னலைப் பார்த்து, "இப்பதான் உள்ள விட்டாங்க அண்ணே" என்றார்.

இனி நான் சொல்லப்போவது என் குற்றம். தெளிவாகக் கேளுங்கள்.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் ஒன்பதாம் எண் வரவில்லை. கல்யாணத்துக்குப் போயிருந்தார், வேறொன்றும் இல்லை. எட்டு என்றார்கள். அடுத்துக் குரல் இல்லை. எல்லோரும் கண்ணை மூடி நிற்கிறோம். அதே கூடம், அதே விடியற்காலை, அதே எண்கள், அதே இடைவெளி. தையல்காரம்மா இருபத்து மூன்றாம் எண். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். என்னால் தாங்க முடியவில்லை. நான் கண்டக்டர் குரலில் கத்தினேன்: "ஒன்பது, டிக்கெட் வாங்கியாச்சு, வண்டி போகலாம்." கூடமே சிரித்தது. அழுதவரும் சிரித்துவிட்டார். பத்து, பதினொன்று என்று வரிசை தொடர்ந்தது.

அன்று பிறந்தது அந்தப் பழக்கம். யார் வராவிட்டாலும் அடுத்த எண்காரர் அவருக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பது. எதற்காக? ஏமாற்றவா? இல்லை. அந்த மௌனத்தை இன்னொரு முறை கேட்க எங்களுக்குத் தெம்பு இல்லை. நாங்கள் பயந்தது நோய்க்குக்கூட இல்லை ஐயா, எண்ணுக்குப் பின் வரும் அமைதிக்குத்தான் பயந்தோம்.

பின்னால் வேறொரு காரணமும் சேர்ந்தது. முப்பது பேருக்குக் குறைந்தால் பயிற்சியாளரை வேறு கூடத்துக்கு மாற்றிவிடுவோம் என்று சுகாதார அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அலுவலர் அம்மா குறித்துக்கொள்கிறார். குறித்துக்கொள்ளுங்கள் அம்மா, அதற்காகத்தான் சொல்கிறேன். பயிற்சியாளருக்கும் தெரியும். கண்ணை மூடியிருப்பவர்கள் நாங்கள்தானே, அவர் இல்லையே. பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார், எங்கள்மேல் உள்ள பிரியத்தால் இருந்தார். அவரை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. கதையை ஆரம்பித்துவைத்தவன் நான்.

பூட்டுக்காரர் வந்த ஒன்பது மாதத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. மழையில் வந்தார், காய்ச்சலில் வந்தார். போன வருடக் கடைசியில் ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் என் கையில் இதைக் கொடுத்தார். தெரிகிறதா? பின்வரிசைக்குத் தெரியாது, சாவி. கடைக்கு மேலே அவர் குடியிருந்த மாடி அறையின் சாவி. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "அண்ணே, தனியா இருக்கேன். என் கதவுப் பூட்டு நானே செஞ்சது, ஒடைக்கவும் முடியாது. ஏதாவது ஒண்ணுன்னா நீங்க வந்து தொறந்துருவீங்க, இல்ல?"

திறக்காமல் எங்கே போவேன் என்றேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து சட்டை மாற்றும்போதெல்லாம் சாவியையும் மாற்றி வைத்துக்கொள்வேன். எவ்வளவு பொறுப்பானவன் பாருங்கள் நான்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை. பதினாறு என்றார்கள். பக்கத்தில் குரல் வரவில்லை. பேத்திக்குப் பிறந்தநாள் வருகிறது, மகள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று முந்தின வாரம் சொல்லியிருந்தார். போய்விட்டார் என்று நினைத்தேன். வகுப்புக்கு வரும் வழியில் அவர் கடையையும் பார்த்திருந்தேன். "வெளியே போயிருக்கிறேன்" என்ற பலகை தொங்கியது. அது முந்தின நாள் மாலை எவர் வீட்டுக் கதவையோ திறக்கப் போகும்போது மாட்டியது, எடுக்க மறந்திருக்கிறார். எனக்கு அது எப்படித் தெரியும்? படியேறிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் ஏறவில்லை. ஆகவே கூடத்தில் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, முதலில் "பதினேழு" என்றேன். பிறகு "பதினெட்டு" என்றேன்.

செவ்வாய்க்கிழமையும் சொன்னேன். புதன்கிழமையும் சொன்னேன்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே மகள் பயிற்சியாளருக்குப் போன் செய்திருக்கிறார். அப்பா போனை எடுக்கவில்லை, வகுப்புக்கு வந்தாரா என்று கேட்டிருக்கிறார். பயிற்சியாளர் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார். பதினேழுக்கு நேரே குறி இருந்தது. குரலை வைத்தே குறித்தது அது; பூட்டுக்காரர் எந்நாளும் தவறாதவர் என்பதால் அவருக்கும் சந்தேகம் வரவில்லை. வந்திருக்கிறாரே என்றிருக்கிறார். செவ்வாய்க்கிழமையும் அதே கேள்வி, அதே பதிவேடு, அதே பதில். வழக்கம்போல் போனுக்குச் சார்ஜ் போட மறந்திருப்பார் என்று மகள் மனதைத் தேற்றிக்கொண்டார். அவர் மகள் வீட்டில் இருக்கிறார் என்று நான் நம்பினேன். அவர் எங்களோடு இருக்கிறார் என்று மகள் நம்பினார். இரண்டு நம்பிக்கைக்கும் நடுவில் ஒரு மனிதர் தரையில் கிடந்தார்.

புதன்கிழமை, வகுப்பு முடிந்து வெளியே வருகிறேன், மகள் போனில் என்னையே கூப்பிட்டார். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "பதிவேடு இருக்கட்டும் மாமா. நீங்க உங்க கண்ணால பாத்தீங்களா?"

முப்பத்து நான்கு வருடம் தலை எண்ணியவன் நான். ஒரு நாளும் இல்லாத தலையை எண்ணியதில்லை, இருக்கிற தலையை விட்டதில்லை. என்னிடம் அந்தக் கேள்வி. போய்ப் பார்க்கிறேன் அம்மா என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஓட முடிந்தது, பாருங்கள். ஒன்பது மாதப் பயிற்சி. மாடிப்படி இருபத்திரண்டையும் உட்காராமல் ஏறினேன். சாவி போட்டதும் பூட்டு வெண்ணெய்போல் திறந்தது.

ஒரு காலில் ஷூ போட்டிருந்தார். கயிறு கட்டியிருந்தது. இன்னொரு ஷூ கையில் இருந்தது. திங்கட்கிழமை விடியற்காலை நம் வகுப்புக்குக் கிளம்பும்போது விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து எழ முடியவில்லை. கையிலிருந்த ஷூவால் தரையைத் தட்டியிருக்கிறார். தட்டித் தட்டி அந்த இடத்தில் சிமென்ட் பெயர்ந்திருந்தது. கீழே யார் கேட்பது? கீழே இருந்தது அவருடைய கடைதான்.

வந்து பார்த்த டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும்."

திங்கட்கிழமை நான் பதினேழு என்று கத்தியபோது அவர் உயிரோடு இருந்தார். செவ்வாய்க்கிழமை கத்தியபோது உயிரோடு இருந்தார். இந்தக் கூடத்திலிருந்து அவர் வீடு ஆறு நிமிட நடை. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் கத்தாமல் இருந்திருந்தால்? ஒரே ஒரு நாள் அந்த எண் அநாதையாக நின்றிருந்தால்? யாராவது ஒருவர், என்ன இது, பூட்டுக்காரர் வரவில்லையே என்று கேட்டிருக்க மாட்டாரா? கேட்டிருப்பார்கள். கேட்கவிடாமல் செய்தது என் குரல்.

மகள் வந்தபோது, விழுந்தவுடனே போய்விட்டார், கஷ்டப்படவில்லை என்று சொன்னேன். டாக்டர் சொன்னதை மறைத்தேன். அதுவும் நான்தான். இரண்டு மாதம் மறைத்தேன். முழு வருகைக்குப் பத்திரம் தருகிறார்கள் என்று அறிவிப்பு வந்த பிறகு தூங்க முடியவில்லை. இன்று காலை மகள் தங்கியிருக்கும் வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "என்கிட்ட மட்டும் சொல்லிட்டு முடிச்சுக்காதீங்க மாமா. அங்க மேடையில சொல்லுங்க."

சொல்லிவிட்டேன் அம்மா.

யாரோ அங்கே, போதும் கண்டக்டர், விடுங்கள் என்கிறீர்கள். கேட்கிறது. உங்கள் நல்ல மனது எனக்குத் தெரியும். அந்த நல்ல மனதைக் கண்டுதான் ஐயா எனக்குப் பயமாக இருக்கிறது. நம்மில் கெட்டவர் எவர்? ஒருவரும் இல்லை. நல்லவர்கள் முப்பது பேர் சேர்ந்து, சிரித்துக்கொண்டே, ஒரு மனிதரைத் தரையில் கிடக்கவிட்டோம்.

அலுவலர் அம்மா, இரண்டு பத்திரங்களையும் திரும்ப எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் பயிற்சியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இந்தப் பயிற்சி எங்களுக்குக் கால் கொடுத்தது, கை கொடுத்தது, மூச்சு கொடுத்தது. இருபத்தொன்பது பேர் வந்தால் இருபத்தொன்பது என்று எழுத எங்களுக்கு உரிமை கொடுங்கள். இருபது பேர் வந்தால் இருபது என்று எழுதட்டும். குறைந்த எண்ணைக் கண்டு வகுப்பை மூடாதீர்கள். குறைந்த எண்ணைக் கண்டு, குறைந்தது யார் என்று கேளுங்கள். எண்ணுவது எதற்கு அம்மா? இருக்கிறவர்களைக் காட்டிப் பெருமைப்படவா? இல்லாதவரைத் தேடிப் போகத்தானே எண்ணுவது.

தோழர்களே, கை கால் வலுப்பெற்றது எதற்காக? கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொள்ளவா? அடுத்தவர் வீட்டு மாடிப்படியை உட்காராமல் ஏறத்தான். இன்று முதல் அவரவர் வீட்டுச் சாவி ஒன்றை அடுத்த எண்காரரிடம் கொடுங்கள். எண் மௌனமாக இருந்தால் மௌனமாகவே இருக்கட்டும். அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன் ஒருவர் போய்க் கதவைத் தட்டிவிட்டு வரட்டும்.

இப்போதே செய்து பார்ப்போம். எண்காரர்கள் எல்லோரும் இருக்கும் இடத்திலேயே எழுந்திருங்கள். கை ஊன்றாமல் எழுந்திருங்கள், பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணை மூடுங்கள். வேண்டாம், இன்று கண்ணைத் திறந்தே வையுங்கள். மூச்சை இழுங்கள். ஒன்று, தொடங்குங்கள்.

நல்ல குரல். ம். ஆறு, இன்னும் உரக்க. பத்து. பதின்மூன்று. பதினாறு.

யாரும் சொல்லாதீர்கள். கேளுங்கள். இதுதான் அவர். கேட்டுக்கொண்டே இருங்கள்.

பதினெட்டு. அது நான்.

பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு.

இருபத்து மூன்று. சரி. நிறுத்துங்கள். யார் சொன்னது? அது தையல்காரம்மா குரல் இல்லையே. இருபத்து நான்காம் எண்காரரே, நீங்கள்தானே சொன்னீர்கள்? என்ன சொல்கிறீர்கள்? "கையில தையல் வேலை இருக்கும், மெதுவா வருவாங்கன்னு நெனச்சேன்." நினைத்தீர்கள். ஐயா, நானும் நினைத்தேன்.

இன்று காலை அவரைப் பார்த்தவர் யார்? கையைத் தூக்குங்கள். நேற்று? நேற்று மாலையாவது? அவர் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது?

சரி. பேச்சு இதோடு முடிந்தது. இன்னும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அது கிடக்கட்டும். அவர் வீடு பின்தெருவில்தான், ஐந்து நிமிடம். கதவைத் திறந்து, என்ன அண்ணே, மிஷின் சத்தத்தில் நேரம் தெரியவில்லை, அதற்குப் போய் இப்படிக் கதவை இடிப்பதா என்று திட்டினால் தலை குனிந்து வாங்கிக்கொள்கிறேன். திட்டட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டு போகிறேன்.

பூட்டுக்காரர் மகளும் எழுந்துவிட்டார். வாருங்கள் அம்மா, சேர்ந்தே போவோம். பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும் என் நன்றி, வணக்கம். நடுவழியில் நிற்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து வழிவிடுங்கள்.